கேரக்டர் ஷீட்டில் எண் தவறாகக் காட்டினால்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழிமுறை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர மேசை விளையாட்டை ஆடுபவர்களில் பலர், கதாபாத்திரத்தின் திறன்களும் எண்களும் அடங்கிய தாளான கேரக்டர் ஷீட்டை இப்போது டி அண்ட் டி பியாண்ட் போன்ற டிஜிட்டல் பில்டர்களில்தான் (கணக்கைத் தானாகப் போடும் ஆப்கள்) உருவாக்குகிறார்கள். ஆட்டம் தொடங்கவிருக்கும் நேரத்தில், ஆப் தவறாகக் கணக்குப் போடுகிறது என்று சொல்லி யாராவது ஒருவர் தம் ஷீட்டை நீட்டுவதும் வழக்கமாகிவிட்டது. டிஎம்மாக, அதாவது ஆட்டத்தை நடத்துபவனாக, அமர்ந்து இத்தகைய ஷீட்டுகளைத் தொடர்ந்து சரிசெய்து வருபவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: பில்டர் கூட்டலில் தவறுவது அரிது. தேர்ந்தெடுக்காமல் விடப்பட்ட ஒரு கட்டமோ, அணியாமல் பையில் கிடக்கும் ஒரு கவசமோ, ஒரே ஷீட்டுக்குள் கலந்துவிட்ட இரண்டு பதிப்புகளோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன. ஆகவே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கி, ஷீட்டைக் கலைத்துக் கட்டுவது அல்லது புத்தகம் வாங்குவது வரை வரிசையாகக் கீழே கொடுத்திருக்கிறேன்.

## எதையும் தொடுவதற்கு முன்

ஷீட்டுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, சோதனைகளை அந்த நகலில் மட்டும் செய்யுங்கள். இலவசக் கணக்கில் கேரக்டர் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் நகலுக்கு இடமில்லையென்றால், குறைந்தது பிடிஎஃப் ஆகவாவது இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, நீங்கள் எதிர்பார்க்கும் எண்ணை, அது எந்தெந்த எண்களின் கூட்டுத்தொகை என்பதோடு தாளில் எழுதுங்கள். "19 வர வேண்டும்" என்பது போதாது. "15, அதனுடன் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 4" என்று பிரித்து எழுதும்போதே பல சிக்கல்கள் அவிழ்ந்துவிடும்.

மூன்றாவதாக, உங்கள் ஷீட் 2014-ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறதா, 2024-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். மந்திரம் பயன்படுத்தும் கேரக்டராக இருந்தால் இதற்கு எளிய சோதனை உண்டு. கியூர் வூண்ட்ஸ் மந்திரத்தைத் திறந்து பாருங்கள். முதல் லெவல் ஸ்லாட்டில் (மந்திரத்தை ஒருமுறை பயன்படுத்தும் வாய்ப்பு) 1டி8, அதாவது எட்டுப் பக்கப் பகடை ஒன்று, என்றிருந்தால் அது 2014. 2டி8 என்றிருந்தால் 2024. ஹீலிங் வேர்டு முறையே 1டி4, 2டி4 என்று இருக்கும். இரண்டு பதிப்பும் ஒரே ஆப்பில் அருகருகே இருப்பதற்குப் பின்னணி உண்டு. 2024 ஆகஸ்டில் டி அண்ட் டி பியாண்ட், பழைய மந்திரங்களையும் மந்திரப் பொருள்களையும் ஷீட்டுகளில் புதியவற்றால் மாற்றிவிடப் போவதாக அறிவித்தது. ஆட்டக்காரர்கள் கடுமையாக எதிர்த்ததால் சில நாள்களிலேயே அம்முடிவைக் கைவிட்டது. பழையவை 'லெகஸி' என்ற அடையாளத்துடன் நீடிக்கின்றன. கலப்பு ஏற்படும் வாய்ப்பும் இதனால் நீடிக்கிறது.

கடைசியாக ஒரு கண்டிப்பான வேண்டுகோள். ஓவர்ரைடு என்ற கட்டத்தில் வேண்டிய எண்ணை நேரடியாக எழுதிவிடுவது எளிய தீர்வாகத் தோன்றும். அதை இறுதி வரை தொடாதீர்கள். அங்கே எழுதிய எண், லெவல் ஏறினாலும் கவசம் மாறினாலும் அப்படியே நின்றுவிடும், உண்மையான காரணமும் அதன் அடியில் மறைந்துவிடும். வேறொருவர் ஏற்கெனவே அங்கு எதையாவது எழுதி வைத்திருந்தால், அதை அழித்துவிட்டுத்தான் எந்தச் சோதனையையும் தொடங்க வேண்டும்.

## அறிகுறி: ஆர்மர் கிளாஸ் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கிறது

ஆர்மர் கிளாஸ் என்பது எதிரியின் தாக்குதல் உங்கள் மேல் பட எட்ட வேண்டிய எண். முதலில் கைக்கணக்கு. கவசம் அணியாதவருக்கு 10 உடன் டெக்ஸ்டெரிட்டி மாடிஃபையர் (ஸ்கோரிலிருந்து வரும் கூட்டல் எண், 18-க்கு +4) சேரும். லெதர் 11, ஸ்டடட் லெதர் 12. இவற்றிலும் டெக்ஸ்டெரிட்டி முழுமையாகச் சேரும். செயின் ஷர்ட் 13, ஸ்கேல் மெயில் 14, ஹாஃப் பிளேட் 15. இந்த நடுத்தரக் கவசங்களில் டெக்ஸ்டெரிட்டி +2 வரை மட்டுமே சேரும். செயின் மெயில் 16, ஸ்ப்ளின்ட் 17, பிளேட் 18. இவற்றில் டெக்ஸ்டெரிட்டிக்கு இடமே இல்லை. கேடயம் +2. டெக்ஸ்டெரிட்டி 18 உள்ள ஒருவர் ஹாஃப் பிளேட் அணிந்துவிட்டு 19-ஐ எதிர்பார்க்கிறார், ஷீட் 17 காட்டுகிறது என்றால், ஷீட்தான் சரி. இந்த அறிகுறியுடன் வருபவர்களில் கணிசமானோருக்குச் சிக்கல் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

### கவசம் பட்டியலில் இருந்தும் எண் மாறவில்லை

பொருளைப் பட்டியலில் சேர்ப்பதும் அணிவதும் வெவ்வேறு செயல்கள். ஒவ்வொரு பொருளின் அருகிலும் உள்ள 'எக்விப்' கட்டம் குறியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேடயத்துக்கும் தனியாகக் குறியிட வேண்டும்.

### மந்திரப் பொருளின் போனஸ் சேரவில்லை

ரிங் ஆஃப் புரொடெக்ஷன், குளோக் ஆஃப் புரொடெக்ஷன் இரண்டும் ஆர்மர் கிளாஸுக்கு +1 தருபவை. ஆனால் இரண்டுக்கும் அட்யூன்மென்ட், அதாவது பொருளுடன் கேரக்டரைப் பிணைப்பது, வேண்டும். ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று பொருள்களுடன் மட்டுமே அட்யூன் ஆக முடியும் என்பதால், நான்காவது பொருள் அணிந்த நிலையில் இருந்தும் பயன் தராமல் கிடக்கும். அட்யூன்மென்ட் பட்டியலைத் திறந்து, மூன்று இடங்களையும் எவை நிரப்பியிருக்கின்றன என்று பாருங்கள். பிரேசர்ஸ் ஆஃப் டிஃபென்ஸ் தரும் +2, கவசமோ கேடயமோ அணிந்த உடனே விலகிவிடும். அதை ஆப்பின் பிழை என்று எண்ணிப் பலர் நேரத்தை வீணாக்குவதைப் பார்த்திருக்கிறேன். விதியே அப்படித்தான் சொல்கிறது.

### மந்திரத்தால் வரும் பாதுகாப்பு தெரியவில்லை

மேஜ் ஆர்மர் அடிப்படையை 13 ஆக்குகிறது. ஷீல்டு மந்திரம் அடுத்த சுற்று வரை +5 தருகிறது. மந்திரம் இப்போது செயலில் இருக்கிறதா என்பதை ஷீட் தானாக அறிவதில்லை. இவற்றை ஆட்டத்தின்போது நீங்களே சேர்த்துச் சொல்ல வேண்டும். நாள் முழுவதும் மேஜ் ஆர்மருடன் திரியும் விசார்டாக இருந்தால், அதைத் தனிப் போனஸ் கட்டத்தில் பெயருடன் குறித்து வைக்கலாம். ஆனால் மந்திரம் முடியும்போது நீக்குவதும் உங்கள் பொறுப்பே.

### முன்பு இருந்த +1 காணாமல் போய்விட்டது

2014-இல் டூயல் வீல்டர் ஃபீட் (ஃபீட் என்பது கேரக்டருக்குத் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்), இரண்டு கைகளிலும் ஆயுதம் இருக்கும்போது ஆர்மர் கிளாஸுக்கு +1 தந்தது. 2024 வடிவத்தில் அது இல்லை. ஷீட்டைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு எண் ஒன்று குறைந்திருந்தால், வேறெங்கும் தேடுவதற்கு முன் இந்த ஃபீட்டின் பதிப்பைப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் எண் பொருந்தவில்லையென்றால், நகலில் எல்லாப் பொருள்களையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக அணிந்து பாருங்கள். எந்தப் பொருளை அணியும்போது எண் நகர வேண்டிய அளவு நகரவில்லையோ, சிக்கல் அந்தப் பொருளில் இருக்கிறது.

## அறிகுறி: ஆர்மர் கிளாஸ் அளவுக்கு மீறி உயர்ந்திருக்கிறது

இது எண் குறைவதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது. லாபமாக இருப்பதால் யாரும் புகார் செய்வதில்லை. எளிய காரணம், ஒரே போனஸ் இருமுறை சேர்ந்திருப்பது: பொருளாகவும் ஒருமுறை, முன்பு கையால் எழுதிய கூடுதல் போனஸாகவும் ஒருமுறை. தனிப் போனஸ் கட்டங்களைக் காலி செய்து பாருங்கள்.

அடுத்தது, இரண்டு சூத்திரங்கள் கலப்பது. பார்பேரியன் கிளாஸுக்கு (கிளாஸ் என்பது கேரக்டரின் தொழில்வகை) கவசம் இல்லாதபோது 10, டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன்; கேடயம் அனுமதி. மங்க்குக்கு 10, டெக்ஸ்டெரிட்டி, விஸ்டம், கேடயம் கூடாது. இவை ஒவ்வொன்றும் தனித்த கணக்கு முறை. மேஜ் ஆர்மரின் 13-உம் அப்படியே. பல முறைகள் கிடைத்தால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே தவிர, ஒன்றின் மேல் மற்றொன்றை அடுக்க முடியாது. பார்பேரியனாகத் தொடங்கி மங்க்கில் லெவல் எடுத்தவர், அன்ஆர்மர்டு டிஃபென்ஸ் என்ற இந்தக் கவசமில்லாக் கணக்கை இரண்டாம் முறை பெறுவதும் இல்லை. ஷீட்டில் கான்ஸ்டிட்யூஷனும் விஸ்டமும் சேர்ந்து வந்தால், ஏதோ ஒரு ஹோம்ப்ரூ (ஆட்டக்காரர்கள் தாமே உருவாக்கிய) அம்சம் உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள்.

## அறிகுறி: ஹிட் பாயிண்ட் பொருந்தவில்லை

ஹிட் பாயிண்ட் என்பது கேரக்டர் தாங்கக்கூடிய சேதத்தின் அளவு. கணக்கு இப்படி: முதல் லெவலில் கிளாஸுக்கு உரிய பகடையான ஹிட் டையின் முழு மதிப்பு, பிறகு ஒவ்வொரு லெவலுக்கும் நிலையான சராசரி, அதாவது டி6-க்கு 4, டி8-க்கு 5, டி10-க்கு 6, டி12-க்கு 7, ஒவ்வொரு லெவலிலும் கான்ஸ்டிட்யூஷன் மாடிஃபையர் சேரும். கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ள 5-ஆம் லெவல் ஃபைட்டருக்கு 12, அதனுடன் நான்கு எட்டுகள், ஆக 44. கான்ஸ்டிட்யூஷன் 16 ஆனால் முந்தைய லெவல்களுக்கும் சேர்த்து உயர்வதால் 49.

### பெரிய அளவில் குறைகிறது

பில்டரின் அமைப்பில் ஹிட் பாயிண்ட் 'ஃபிக்ஸட்' என்றிருக்கிறதா, 'மேனுவல்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். மேனுவல் முறையில் ஏதேனும் ஒரு லெவலுக்கான உருட்டலை உள்ளிடாமல் விட்டிருந்தால், அந்த லெவலின் பகுதி சேராது. பிறகு, அதிகபட்ச ஹிட் பாயிண்ட்டை மாற்றும் கட்டத்தைப் பாருங்கள். பழைய போர் ஒன்றில் ஏதோ உயிரினம் அதிகபட்சத்தைக் குறைத்தபோது எழுதிய எண் இன்னும் அங்கேயே கிடக்கலாம்.

### ஒன்றிரண்டு மட்டும் வேறுபடுகிறது

மல்டிகிளாஸ் கேரக்டரில், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட கிளாஸ்களில் லெவல் எடுத்தவரில், இது வந்தால், தொடக்கக் கிளாஸ் மாறியிருக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள். முழு டை மதிப்பு, முதன்முதலில் எடுத்த கிளாஸுக்கு மட்டுமே கிடைக்கும். அதே கான்ஸ்டிட்யூஷன் 14-இல், ஃபைட்டராகத் தொடங்கி 4-ஆம் லெவல் வரை சென்று பிறகு விசார்ட் ஒரு லெவல் எடுத்தவருக்கு 42. விசார்டாகத் தொடங்கி ஃபைட்டரில் நான்கு லெவல் எடுத்தவருக்கு 40. இதை உறுதிசெய்ய ஷீட்டிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. சேவிங் த்ரோ (ஆபத்தைச் சமாளிக்க உருட்டுவது) புரஃபிஷியன்சியும், அதாவது தேர்ச்சியும், தொடக்கக் கிளாஸிலிருந்தே வருகிறது. ஸ்ட்ரென்த், கான்ஸ்டிட்யூஷனுக்குப் பதிலாக இன்டெலிஜென்ஸ், விஸ்டம் குறியிடப்பட்டிருந்தால் ஐயமே வேண்டாம், பில்டர் உங்களை விசார்டாகத் தொடங்கியவராகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. பொதுவாக இதைத் திருத்த கிளாஸ்களை நீக்கிவிட்டுச் சரியான வரிசையில் மீண்டும் சேர்க்க வேண்டியிருக்கும். நேரம் பிடிக்கும் வேலை. மந்திரத் தேர்வுகளும் ஃபீட்டுகளும் அழிந்துவிடும் என்பதால், பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இனத்தின் பகுதியையும் மறந்துவிட வேண்டாம். 2014-இல் ஹில் டுவார்ஃபுக்கு மட்டும் லெவலுக்கு ஒரு ஹிட் பாயிண்ட் கூடுதல். 2024-இல் எல்லா டுவார்ஃபுக்கும் அது உண்டு. டஃப் ஃபீட் லெவலுக்கு இரண்டு தரும்.

## அறிகுறி: தாக்குதல் போனஸோ சேதமோ குறைவாக இருக்கிறது

5-ஆம் லெவலில் ஸ்ட்ரென்த் 18 உள்ள ஃபைட்டருக்கு 4, அதனுடன் புரஃபிஷியன்சி 3, ஆக +7 வர வேண்டும். +4 மட்டும் வந்தால் அந்த ஆயுதத்தில் அவருக்குப் புரஃபிஷியன்சி இல்லை என்று பில்டர் கருதுகிறது. கிளாஸ் அந்த ஆயுதத்தை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். மல்டிகிளாஸில் புதிய கிளாஸின் எல்லாத் தேர்ச்சிகளும் வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். ரோகாகத் தொடங்கி ஃபைட்டரில் லெவல் எடுப்பவருக்கு மார்ஷியல் ஆயுதங்கள் கிடைக்கும், கனரகக் கவசம் கிடைக்காது.

எண் ஒன்று மட்டும் குறைந்தால் புரஃபிஷியன்சி போனஸைப் பாருங்கள். 1 முதல் 4 வரை +2, 5 முதல் 8 வரை +3, 9 முதல் 12 வரை +4, 13 முதல் 16 வரை +5, அதற்கு மேல் +6. இது மொத்த லெவலைப் பொறுத்தது. ரோக் 4, ஃபைட்டர் 1 என்றால் +3 வர வேண்டும். பில்டரில் பெரும்பாலும் இது தவறுவதில்லை. தாளில் எழுதியவர்தான் கிளாஸ் லெவலை வைத்துக் கணக்கிட்டிருப்பார்.

சேதத்தில் கிரேட் வெப்பன் மாஸ்டர் குழப்பம் தனியானது. 2014-இல் அது விரும்பினால் 5 குறைத்துத் தாக்கி 10 சேதம் கூட்டும் ஏற்பாடு. ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஆட்டக்காரர் முடிவெடுக்க வேண்டியது என்பதால் ஷீட்டின் நிலையான எண்ணில் அது இருக்காது. 2024-இல் கனரக ஆயுதத்தின் சேதத்தில் புரஃபிஷியன்சி போனஸ் சேரும், தாக்குதலிலிருந்து எதுவும் குறையாது. பார்பேரியனின் ரேஜ் சேதமும், ரோகின் ஸ்னீக் அட்டாக்கும் நிபந்தனைக்கு உட்பட்டவை. அவற்றை உருட்டும்போது சேர்க்க வேண்டும். இரண்டாம் கை ஆயுதத்தின் சேதத்தில் மாடிஃபையர் சேராதிருப்பது இயல்பான விதி. டூ வெப்பன் ஃபைட்டிங் பாணி எடுத்தவருக்கு மட்டும் சேரும்.

இரண்டு கிளாஸிலும் எக்ஸ்ட்ரா அட்டாக் பெற்ற ஃபைட்டர் 5, ரேஞ்சர் 5 கேரக்டருக்கு இரண்டு தாக்குதல்தான். மூன்று எதிர்பார்த்திருந்தால் எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: மல்டிகிளாஸ் கேரக்டரின் ஸ்பெல் ஸ்லாட்டுகள் குழப்பமாக இருக்கின்றன

புகார்கள் மிகுதியாக வரும் பகுதி இது. விதி உண்மையிலேயே சிக்கலானது என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

### ஸ்லாட் இருக்கிறது, அந்த லெவல் மந்திரத்தைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை

விசார்ட் 3, கிளெரிக் 2 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லாட்டுகளுக்கு லெவல்கள் கூடி 5 ஆகின்றன. எனவே முதல் லெவலில் 4, இரண்டாம் லெவலில் 3, மூன்றாம் லெவலில் 2 ஸ்லாட்டுகள். ஆனால் எந்த மந்திரங்களைத் தயாரிக்கலாம் என்பதை ஒவ்வொரு கிளாஸும் தனித்தனியே முடிவு செய்கிறது: விசார்ட் மந்திரங்கள் இரண்டாம் லெவல் வரை, கிளெரிக் மந்திரங்கள் முதல் லெவல் மட்டும். மூன்றாம் லெவல் ஸ்லாட்டுகள் கீழ் லெவல் மந்திரங்களைக் கூடுதல் வலுவுடன் பயன்படுத்துவதற்கு உரியவை. பட்டியலில் ஃபயர்பால் வராததற்கு இதுவே காரணம். பில்டரில் குறை எதுவும் இல்லை.

### ஒரு லெவல் ஸ்லாட் கூடுதலாகவோ குறைவாகவோ வருகிறது

பாலடின், ரேஞ்சர் லெவல்களைப் பாதியாக்கிக் கூட்டும்போது 2014 விதி கீழ்நோக்கி முழுமையாக்குகிறது. 2024 விதி மேல்நோக்கி முழுமையாக்குகிறது. பாலடின் 5, சோர்சரர் 2 கேரக்டருக்கு 2014-இல் 2 உடன் 2 சேர்ந்து 4. மூன்றாம் லெவல் ஸ்லாட் கிடையாது. 2024-இல் 3 உடன் 2 சேர்ந்து 5. மூன்றாம் லெவலில் இரண்டு ஸ்லாட்டுகள் தோன்றும். டிஎம் ஒரு பதிப்பை நினைத்துக்கொண்டும் ஆட்டக்காரர் வேறொரு பதிப்பில் ஷீட் கட்டியும் இருந்தால் வாக்குவாதம் தவிர்க்க முடியாதது. ஃபைட்டர், ரோக் உட்பிரிவுகளான எல்ட்ரிச் நைட், ஆர்கேன் டிரிக்ஸ்டர் ஆகியோரின் லெவலில் மூன்றில் ஒரு பங்கு இரண்டு பதிப்பிலும் கீழ்நோக்கியே முழுமையாக்கப்படுகிறது.

மந்திரம் பயன்படுத்தும் கிளாஸ் ஒன்று மட்டுமே இருந்தால், எடுத்துக்காட்டாகப் பாலடினும் சாம்பியன் ஃபைட்டரும் கலந்தால், கூட்டுப் பட்டியல் பொருந்தாது. பாலடினின் சொந்தப் பட்டியலே பொருந்தும்.

### வார்லாக் ஸ்லாட்டுகள் தனியே நிற்கின்றன

அப்படித்தான் நிற்க வேண்டும். வார்லாக்கின் மந்திர முறையான பாக்ட் மேஜிக் மற்ற ஸ்லாட்டுகளுடன் கூட்டப்படுவதில்லை. அது ஷார்ட் ரெஸ்ட் என்ற சிறு ஓய்வில் திரும்பக் கிடைக்கும். ஆயினும் அந்த ஸ்லாட்டைக் கொண்டு வேறு கிளாஸின் மந்திரத்தைப் பயன்படுத்தலாம், மறுபுறமும் அப்படியே.

### தயாரிக்கும் மந்திரங்களின் எண்ணிக்கை ஒத்துவரவில்லை

விஸ்டம் 16 உள்ள 5-ஆம் லெவல் கிளெரிக், 2014-இல் லெவலையும் மாடிஃபையரையும் கூட்டி 8 மந்திரங்களைத் தயாரிப்பார். 2024-இல் அது பட்டியலில் உள்ள நிலையான எண். 5-ஆம் லெவலில் 9. விஸ்டம் உயர்ந்தும் எண்ணிக்கை உயரவில்லை என்று வருபவர்கள் 2024 கிளாஸில் இருக்கிறார்கள். கிளெரிக்கின் உட்பிரிவு தரும் டொமைன் மந்திரங்கள் இந்த எண்ணிக்கையில் சேராதவை.

## அறிகுறி: எபிலிட்டி ஸ்கோர்கள் இருக்கக் கூடாத அளவில் இருக்கின்றன

புள்ளிகளைக் கொடுத்து ஸ்கோர்களை வாங்கும் பாயின்ட் பை முறையில் 27 புள்ளிகள். 8 முதல் 15 வரை மட்டுமே வாங்க முடியும். 14-க்கு 7 புள்ளி, 15-க்கு 9 புள்ளி. ஆகவே முதல் லெவலில் 17-க்கு மேல் ஓர் எண் தெரிந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

வாங்கியதற்கு மேல் சேரும் எபிலிட்டி உயர்வுகள் 2014-இல் இனத்திலிருந்து வந்தன. 2024-இல் பின்னணியிலிருந்து வருகின்றன. பழைய ஹாஃப் ஆர்க் ஸ்ட்ரென்துக்கு +2 தருகிறது. புதிய சோல்ஜர் பின்னணியும் ஸ்ட்ரென்துக்கு +2 தர முடியும். இரண்டும் சேர்ந்தால் 15 என்பது 19 ஆகிவிடும். 2024 விதிநூல் இதற்குத் தெளிவாக வழி சொல்கிறது: பழைய இனத்தை எடுத்தால் அதன் எபிலிட்டி உயர்வுகளை விட்டுவிட வேண்டும், பழைய பின்னணியை எடுத்தால் விரும்பியபடி +2, +1 அல்லது மூன்று +1-களையும், ஓர் ஆரிஜின் ஃபீட்டையும் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு நேர்மாறான அறிகுறி, புதிய இனமும் பழைய பின்னணியும் சேர்ந்து எந்த உயர்வும் வராமல் போவது. முதல் லெவல் கேரக்டர் வெறும் 15-உடன் நிற்கும்.

இங்கே திருத்தும் வழி, இனத்தையும் பின்னணியையும் ஒரே பதிப்பிலிருந்து எடுப்பதே. பழையதை வைத்துக்கொள்ள விரும்பினால், மேற்கண்ட விதியை டிஎம்மிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகு கையால் சரிசெய்யுங்கள்.

## அறிகுறி: வேண்டிய உட்பிரிவோ ஃபீட்டோ மந்திரமோ பட்டியலில் இல்லை

புத்தகம் வாங்க வேண்டியிருக்குமோ என்ற எண்ணம் உடனே வரும். அதுதான் கடைசி வழி. பின்வரும் வரிசையில் பாருங்கள்.

முதலில் தகுதி. 2024-இல் எல்லா கிளாஸுக்கும் உட்பிரிவு 3-ஆம் லெவலில்தான். 2014-இல் கிளெரிக், சோர்சரர், வார்லாக் முதல் லெவலிலும், டுரூயிட், விசார்ட் இரண்டாம் லெவலிலும் தேர்ந்தெடுத்தார்கள். 2024-இல் பொதுப் பிரிவு ஃபீட்டுகளுக்கு 4-ஆம் லெவல் வேண்டும். மல்டிகிளாஸுக்குப் பழைய கிளாஸ், புதிய கிளாஸ் இரண்டின் முதன்மை எபிலிட்டியும் 13 ஆக இருக்க வேண்டும்.

அடுத்து அமைப்புகள். ஷீட்டின் முதல் பக்கத்தில் லெகஸி உள்ளடக்கம், ஹோம்ப்ரூ, பிற பதிப்பாளர்களின் உள்ளடக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும். 2020-இல் டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் புத்தகத்தில் வந்த விருப்பக் கிளாஸ் அம்சங்களுக்கும் தனிப் பொத்தான் உண்டு. அது அணைந்திருந்தால் அவை எதுவும் தெரியாது.

மூன்றாவது, பகிர்வு. டிஎம் தம் புத்தகங்களைக் கேம்பெயினில் (ஒரு குழுவின் தொடர் ஆட்டம்) பகிர்ந்திருந்தால், உங்கள் கேரக்டர் அந்தக் கேம்பெயினில் சேர்ந்திருக்க வேண்டும். டிஎம்மின் உயர்நிலைச் சந்தா நடப்பில் இருக்க வேண்டும். பகிர்வுப் பொத்தான் இயங்க வேண்டும். நேற்றுவரை இருந்த உட்பிரிவு இன்று மறைந்திருந்தால், பெரும்பாலும் சந்தா முடிந்திருக்கும் அல்லது கேரக்டர் கேம்பெயினிலிருந்து விலகியிருக்கும். டிஎம்மிடம் ஒரு வார்த்தை கேட்டாலே போதும்.

நான்காவது, இலவச உள்ளடக்கத்தின் எல்லை. 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான எஸ்ஆர்டி 5.1 என்ற இலவச விதித்தொகுப்பில் கிளாஸுக்கு ஓர் உட்பிரிவும், ஒரே ஒரு ஃபீட்டும், ஒரே ஒரு பின்னணியும்தான் உள்ளன. இலவசப் பில்டர் ஒன்றில் ஃபைட்டருக்குச் சாம்பியன் மட்டும் தெரிவது இதனால்தான்.

இவ்வளவுக்கும் பிறகே விலை. டி அண்ட் டி பியாண்டில் ஓர் உட்பிரிவை மட்டும் தனியாக வாங்கும் வசதி 2024-இல் நீக்கப்பட்டதால், இப்போது முழுப் புத்தகமும் வாங்க வேண்டியிருக்கிறது. அச்சுப் புத்தகம் கையில் இருப்பவர்கள், அதன் அம்சங்களைத் தனிப்பட்ட ஹோம்ப்ரூவாகத் தாமே உள்ளிட்டுக்கொள்வதே நியாயமான வழி என்று கருதுகிறேன்.

### ஹோம்ப்ரூ தெரிகிறது, அதன் பலன் எண்களில் இல்லை

விளக்கப் பெட்டியில் "+1 ஆர்மர் கிளாஸ்" என்று எழுதினால் பில்டர் அதைப் படிக்காது. மாடிஃபையர் என்ற தனிப் பகுதியில் அந்தப் போனஸைச் சேர்க்க வேண்டும். பிறர் உருவாக்கிய ஹோம்ப்ரூவாக இருந்தால், இதை அதை உருவாக்கியவரிடம்தான் சொல்ல வேண்டும். ஆப்பின் உதவிக் குழுவால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

## அறிகுறி: வேகம் திடீரென 10 அடி குறைந்துவிட்டது

செயின் மெயிலுக்கு ஸ்ட்ரென்த் 13, பிளேட்டுக்கு 15 வேண்டும். இல்லையென்றால் 10 அடி குறையும். அது பொருந்தாதபோது சுமையைப் பாருங்கள். 2014-இன் மாற்று விதியை இயக்கியிருந்தால், ஸ்ட்ரென்தின் 5 மடங்கு பவுண்டைத் தாண்டியவுடன் 10 அடியும், 10 மடங்கைத் தாண்டினால் 20 அடியும் குறையும். 50 நாணயம் ஒரு பவுண்டு என்பதால், புதையல் கிடைத்த மறுநாள் இந்த அறிகுறி தோன்றும். 2000 பொற்காசு 40 பவுண்டு. நாணய எடையைக் கணக்கில் கொள்ளாத அமைப்பு இருக்கிறது. அதை அணைப்பதும் இயக்குவதும் டிஎம்மின் முடிவு.

## அறிகுறி: கைப்பேசியில் ஓர் எண், கணினியில் வேறோர் எண்

இணைப்பு இல்லாமல் செய்த மாற்றம் இன்னும் சேரவில்லை, அல்லது ஒரே ஷீட் இரண்டு தாவல்களில் திறந்திருக்கிறது. ஒன்றைத் தவிர மற்றவற்றை மூடிவிட்டுப் புதுப்பியுங்கள். ஆன்லைன் மேசை மென்பொருளுக்கு இறக்குமதி செய்த ஷீட், இறக்கிய நேரத்து நகல்தான். லெவல் ஏறிய பிறகு மீண்டும் இறக்க வேண்டும்.

## பாத்ஃபைண்டர் ஆடுபவர்களுக்கு

பாத்ஃபைண்டர் இதேபோன்ற வேறொரு விளையாட்டு. அதன் இரண்டாம் பதிப்புக்கான பாத்பில்டர் என்ற பில்டரில் வரும் கேள்விகள் வேறு வகை. கேடயத்தின் போனஸ், அதை உயர்த்தும் செயலைச் செய்த சுற்றில் மட்டுமே சேரும். எப்போதும் சேராதிருப்பது சரியே. தேர்ச்சி பெற்ற திறனுக்கு லெவலுடன் 2 சேரும். தேர்ச்சி இல்லாததற்கு லெவலும் சேராது என்பதால், 8-ஆம் லெவல் வீரருக்கும் ஒரு திறன் பூஜ்ஜியமாக இருக்கலாம். ஒரே வகைப் போனஸ்கள் இரண்டு வந்தால் பெரியது மட்டுமே செல்லும். பழகிய மந்திரம் காணவில்லையென்றால், 2023-இல் வந்த ரீமாஸ்டர் என்ற திருத்தப் பதிப்பில் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மேஜிக் மிசைல் இப்போது ஃபோர்ஸ் பேரேஜ். எண்கள் மொத்தமாகவே உயர்ந்தோ குறைந்தோ இருந்தால், ஃப்ரீ ஆர்கிடைப், ஆட்டோமேட்டிக் போனஸ் புரொகிரெஷன் போன்ற மாற்று விதிகளின் பொத்தான்களைச் சரிபாருங்கள். இந்த விதிகள் அனைத்தும் ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் இலவசமாகக் கிடைப்பதால், விதியைத் தெரிந்துகொள்ள மட்டும் எதையும் வாங்க வேண்டியதில்லை.

## யாரிடம், எப்போது செல்வது

விதியின் பொருளில் ஐயம் என்றால் டிஎம்மிடம். அவர் மேசையில் அவர் சொல்வதே முடிவு. அதிகாரபூர்வ விளக்கம் வேண்டுமானால் சேஜ் அட்வைஸ் தொகுப்பைப் பார்க்கலாம்.

ஆப்பின் உதவிக் குழுவிடம் செல்வதற்கு முன் ஒரு சோதனை தேவை. ஹோம்ப்ரூவோ ஓவர்ரைடோ இல்லாத புதிய கேரக்டர் ஒன்றை அதே கிளாஸ், அதே லெவல், அதே பொருளுடன் உருவாக்குங்கள். பிழை அங்கே வரவில்லையென்றால் காரணம் உங்கள் பழைய ஷீட்டில் இருக்கிறது. அதைத் தேடுவதைவிடப் புதியதையே தொடர்ந்து கட்டிக்கொள்வது விரைவு. அங்கும் பிழை வந்தால் அது உண்மையான மென்பொருள் பிழை. அப்போது பதிப்பு, கிளாஸ், லெவல், எதிர்பார்த்த கணக்கு, ஷீட் காட்டும் எண், அதற்கு இட்டுச்செல்லும் படிகள் ஆகியவற்றை எழுதி, சோதனைக் கேரக்டரின் இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள். கேரக்டரின் தனியுரிமை அமைப்பு, அவர்கள் திறந்து பார்க்கும்படி இருக்க வேண்டும்.

பதில் வரும்வரை ஆட்டம் நிற்க வேண்டியதில்லை. டிஎம்முடன் சரியான எண்ணை ஒப்புக்கொண்டு, அந்தக் கட்டத்தில் மட்டும் ஓவர்ரைடு செய்து, ஏன் எழுதினோம், எந்த லெவலில் எழுதினோம் என்பதை ஷீட்டின் குறிப்புப் பகுதியில் பதிவுசெய்து, அடுத்த லெவல் ஏறும் நாளில் அந்த எண்ணை அழித்துவிட்டுப் பில்டர் இப்போது என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.